முத்திரைக்கு அடியில் ஓர் எண்: வடசென்னை வேட்பாளர் ஒருவரின் சொத்து விவரம் இணையம் ஏறிய கதை

2021 மார்ச் 18, வியாழக்கிழமை. சட்டமன்றத் தேர்தலுக்கு வேட்புமனு கொடுக்க மறுநாளே கடைசி நாள். வடசென்னையின் ஒரு தொகுதியில் சுயேச்சையாக நிற்கத் துணிந்த ஒரு பெண்ணோடு தேர்தல் நடத்தும் அலுவலரின் அலுவலகத்துக்குப் போயிருந்தேன். கொரோனாக் கட்டுப்பாடு காரணமாக வேட்பாளருடன் இரண்டு பேர் மட்டுமே உள்ளே போகலாம் என்றார்கள். அந்த இரண்டு பேரில் நான் இல்லை. வேப்ப மரத்தடியில் நின்றபடி, கோப்பு திரும்பி வராமல் இருக்கவேண்டுமே என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கு முந்தைய மூன்று இரவுகள் அந்தக் கோப்பிலேயே கழிந்திருந்தன.

பகலில் ஒரு தணிக்கையாளரிடம் வருமான வரிக் கணக்குகளை இணையத்தில் தாக்கல் செய்யும் வேலை எனக்கு. மாலையில் தண்டையார்பேட்டைப் பக்கத்தில் உள்ள எங்கள் படிப்பகத்தில் இருப்பேன். அந்தப் பெண் காசிமேட்டில் விடியற்காலை ஏலத்தில் மீன் எடுத்துத் தெருத்தெருவாக விற்பவர். அவரை அக்கா என்றே அழைத்துப் பழக்கம், இங்கும் அப்படியே குறிப்பிடுகிறேன். மீன் விற்கும் பெண்களுக்கு நிழலும் தண்ணீரும் கழிப்பறையும் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், ஒருமுறையாவது வாக்குச்சீட்டில் தன் பெயரைப் பார்த்துவிட வேண்டும் என்று கிளம்பியவர். சொத்து விவரம் எழுதித் தர வேண்டும் என்று நான் சொன்னதும், "சொத்து இருக்கிறவர்கள் எழுதட்டும் தம்பி, எனக்கு என்ன இருக்கிறது?" என்றார். மூன்று இரவுகள் உட்கார்ந்த பிறகுதான் அந்தக் கேள்விக்கு எங்களுக்கே பதில் தெரிந்தது.

26ஆம் படிவமும் ஒரு ஃபைபர் படகும்

வேட்பாளர்கள் தங்கள் சொத்து, கடன், வழக்கு, படிப்பு விவரங்களை வாக்காளருக்குச் சொல்லியாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2002இல் தீர்ப்பளித்தது. அதைத் தடுக்கும் வகையில் கொண்டுவரப்பட்ட சட்டத்திருத்தத்தை 2003இல் அதே நீதிமன்றம் செல்லாது என்றது. 1961ஆம் ஆண்டுத் தேர்தல் நடத்தை விதிகளின் 4ஏ விதிப்படி இந்த விவரங்கள் 26ஆம் படிவத்தில் பிரமாணப் பத்திரமாகத் தரப்படுகின்றன. வருமானம் எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்ல வேண்டும் என்று 2018இல் இன்னொரு தீர்ப்பு வந்தது. 2019 முதல் வேட்பாளர், துணைவர், சார்ந்திருப்பவர் ஆகியோரின் ஐந்தாண்டு வருமான வரிக் கணக்கு விவரங்களும் சேர்ந்துகொண்டன.

இத்தனையையும் கையால் எழுதத் தேவையில்லை. தேர்தல் ஆணையத்தின் சுவிதா தளத்தில் கைப்பேசி எண்ணும் ஓடிபியும் கொண்டு நுழைந்து, மனுவையும் பிரமாணப் பத்திரத்தையும் நிரப்பலாம். டெபாசிட்டைக் கட்டிவிட்டு, நேரில் கொடுப்பதற்கு நேரமும் குறித்துக்கொள்ளலாம். சட்டமன்றத் தேர்தலுக்கு டெபாசிட் 10,000 ரூபாய், பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் அதில் பாதி. அக்காவுக்கு அந்தப் பணத்தைச் சேர்த்துக் கொடுத்தவர்கள் அவரோடு ஏலத்தில் நிற்கும் பெண்கள்.

முதல் இரவு ஓடிபிக்காகக் காத்திருந்ததிலேயே போனது. வீட்டுக்கு ஒரே கைப்பேசி. அதை அவருடைய மகன் கடலுக்கு எடுத்துப் போயிருந்தான். படகு கரை திரும்பும் வரை நாங்கள் ஒரு வரியும் நகரவில்லை.

இரண்டாம் இரவு "கையிருப்பு ரொக்கம்" என்ற முதல் வரியிலேயே நின்றோம். விடியற்காலை நான்கு மணிக்கு அவர் கையில் பணம் இருக்காது, கடனுக்கு மீன் எடுப்பார். பதினோரு மணிக்குப் பத்தாயிரம்கூட இருக்கும். இரண்டு மணிக்கு அது ஏலக்காரரிடம் திரும்பிப் போய்விடும். எந்த மணியின் ரொக்கத்தை எழுதுவது? மாலையில் வீடு திரும்பியபின் முந்தானையில் முடிந்திருப்பதைத்தான் எழுத வேண்டும் என்று அவரே தீர்மானித்தார். சரியான முடிவு என்று இன்றும் நினைக்கிறேன்.

அடுத்தது நகை. படிவம் எடையையும் மதிப்பையும் கேட்கிறது. அக்கா பவுனில் சொல்வார், நான் எட்டால் பெருக்கிக் கிராமில் எழுதினேன். மொத்தம் ஐந்து பவுன், அதில் மூன்று பவுன் அடகுக் கடையில். "அது என் கையில் இல்லையே, அதை எப்படி என் நகை என்று எழுதுவது?" என்று கேட்டார். மீட்கும் உரிமை அவருடையது, ஆகவே நகை சொத்துப் பக்கத்தில் முழுதாக வர வேண்டும். அடகுக் கடன் 62,000 ரூபாய் பொறுப்புகள் பக்கத்தில், வங்கி அல்லாத பிறரிடம் வாங்கிய கடன் என்ற வரியில் வர வேண்டும். இதை விளக்கியதும் அவர் முகம் மாறியது. நகையைவிடக் கடனை எழுதுவதுதான் அவருக்குப் பெரிதாகப்பட்டது. "எழுது தம்பி. ஊருக்குத் தெரியட்டும். என்னைப்போல் எத்தனை பேர் மூழ்காமல் இருக்கப் போராடுகிறார்கள் என்று தெரியட்டும்."

சீட்டு விவகாரம் இன்னும் சிக்கல். எடுக்காத சீட்டு என்றால் கட்டிய பணம் அவருக்கு வர வேண்டிய சொத்து. எடுத்த சீட்டு என்றால் கட்ட வேண்டிய மீதத் தவணை கடன். அவரிடம் இரண்டு வகையும் இருந்தன. வருமான வரி வேலையில் இத்தனை ஆண்டுகள் இருந்தும், ஒரே வகைச் சேமிப்பு ஒருவருக்கு ஒரே நாளில் சொத்தாகவும் கடனாகவும் இருப்பதை எழுதிப் பார்த்தது எனக்கு அதுவே முதல் முறை.

பிறகு படகு. கணவருக்கும் அவருடைய தம்பிகளுக்கும் சேர்ந்து ஒரு ஃபைபர் படகு, அதில் கணவருக்கு ஒரு பங்கு. படிவத்தில் இது எந்த வரியில் வரும் என்று தேடினோம். மோட்டார் வாகனங்கள், விமானங்கள், உல்லாசப் படகுகள், கப்பல்கள் எல்லாம் ஒரே வரி. காசிமேட்டுக் குடும்பம் ஒன்றின் பிழைப்புப் படகு விமானத்துக்கும் உல்லாசப் படகுக்கும் பக்கத்தில் போய் உட்கார்ந்தது. பதிவெண், வாங்கிய ஆண்டு, விலை என்று எழுதி, மூன்றில் ஒரு பங்கு என்று சேர்த்தோம்.

வீடு கடைசி. குடிசை மாற்று வாரியக் குடியிருப்பு. ஒதுக்கீட்டு ஆணை மறைந்த மாமியார் பெயரில் இருக்கிறது, விற்பனைப் பத்திரம் ஆகவில்லை. புல எண் கேட்டால் என்ன சொல்வது, வாங்கிய தேதி கேட்டால் என்ன சொல்வது? "வீடு இல்லை" என்று எழுதினால் பொய். "வீடு இருக்கிறது" என்று எழுதினால் அதுவும் முழு உண்மை இல்லை. அசையாச் சொத்தில் கடைசி வரியாக, சொத்தில் உள்ள உரிமை போன்ற இதர வகை என்று ஒன்று இருக்கிறது. அதில் நடந்ததை நடந்தபடி எழுதினோம். வாரியத்துக்குக் கட்ட வேண்டிய பராமரிப்புத் தொகையின் பாக்கியும் அரசு நிலுவையில் ஏறியது. அது சின்னத் தொகைதானே என்று விட்டிருக்கலாம். ஆனால் மகாராஷ்டிரச் சட்டமன்ற உறுப்பினர் ஒருவரின் மனு ஏற்கப்பட்டதே தவறு என்று 2014இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தபோது, மறைக்கப்பட்டவற்றில் மின்கட்டண நிலுவையும் ஒன்று. அந்தத் தீர்ப்பை நான் படித்திருந்தேன். ஒரு கட்டத்தையும் வெறுமையாக விடக் கூடாது, பொருந்தாவிட்டால் பொருந்தாது என்றாவது எழுத வேண்டும் என்பது 2013ஆம் ஆண்டுத் தீர்ப்பின்படி வந்த நடைமுறை.

இந்தப் படிவத்தை நான் குறை சொல்லவில்லை. நிலமும் கம்பெனிப் பங்கும் வைத்திருப்பவர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்ட படிவத்தில் ஒரு மீன்காரப் பெண்ணின் வாழ்க்கையை முழுதாக எழுத முடிந்தது, வரிகள் போதுமானவையாக இருந்தன. குறை வேறிடத்தில் இருக்கிறது.

எண்ணாக இருந்தது படமானது

மூன்றாம் நாள் இரவு தளத்தில் எல்லாம் முடிந்தது. ஒவ்வொரு தொகையும் அதற்குரிய கட்டத்தில், கூட்டினால் கூட்டக்கூடிய எண்ணாக இருந்தது. பிறகு அதை அச்சிட்டோம்.

அச்சிட்டே ஆக வேண்டும். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951இன் 33ஆம் பிரிவு, காலை 11 மணிக்கும் பிற்பகல் 3 மணிக்கும் இடையில் வேட்பாளரோ முன்மொழிபவரோ நேரில் வந்து மனுவைக் கொடுக்க வேண்டும் என்கிறது. 4ஏ விதி, பத்திரம் முதல் வகுப்பு நீதித்துறை நடுவர் அல்லது நோட்டரி முன்னிலையில் உறுதி செய்யப்பட வேண்டும் என்கிறது. ஆகவே முத்திரைத்தாள், பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து, பக்கத்துக்குப் பக்கம் நோட்டரி முத்திரை. உயர் நீதிமன்றத்துக்கு எதிரே பாரிமுனையில் அந்த வாரம் நோட்டரிகள் முன் நின்ற வரிசையைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். சுயேச்சை என்பதால் பத்து முன்மொழிபவர்களின் கையெழுத்தும் வாங்க வேண்டியிருந்தது.

மனு ஏற்கப்பட்டது. பத்திரம் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டது. இந்தப் பத்திரங்களை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்பது ஆணையத்தின் நெறிமுறை, அதன்படி ஏறியது. ஏறியது என்ன? நாங்கள் கட்டம் கட்டமாக நிரப்பிய தகவல் இல்லை. அச்சிட்டு, கையெழுத்திட்டு, முத்திரை குத்தி, பிறகு ஸ்கேன் செய்த காகிதத்தின் படம். சற்றுச் சாய்ந்து, ஓரம் கறுத்து, பிடிஎஃப் கோப்பாக.

ஒரு வேட்பாளரின் பத்திரத்தைப் படிக்க விரும்பும் வாக்காளருக்கு இந்தப் படம் போதும் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு உடன்பாடில்லை. சொத்து விவரம் என்பது தனியாகப் படித்துவிட்டு மூடிவைக்கிற காகிதம் இல்லை, ஒப்பிடுவதற்காகவே கேட்கப்படுவது. போன தேர்தலில் சொன்னதையும் இந்தத் தேர்தலில் சொன்னதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். புல எண்ணை எடுத்துப் பதிவுத்துறைத் தளத்தில் வில்லங்கம் பார்க்க வேண்டும். வருமானத்துக்கும் வாங்கிய நிலத்துக்கும் பொருத்தம் இருக்கிறதா என்று கணக்குப் போட வேண்டும். படத்தில் தேட முடியாது, கூட்டவும் முடியாது. புல எண்ணில் 3 என்பதும் 8 என்பதும் ஒன்றாகத் தெரிந்தால் வில்லங்கமும் பார்க்க முடியாது.

எங்கள் பகுதிக்கு இது வெறும் நுட்பப் பேச்சு இல்லை. 2017 ஏப்ரல் 12இல் நடக்கவிருந்த ஆர்.கே.நகர் இடைத்தேர்தல், வாக்காளர்களுக்குப் பணம் கொடுக்கப்பட்டதாக வந்த வருமான வரித்துறை அறிக்கையை அடுத்து ரத்து செய்யப்பட்டது. பிறகு டிசம்பர் 21இல்தான் வாக்குப்பதிவு நடந்தது. பணம் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்ற கேள்வி வடசென்னையில் தேநீர்க் கடைவரை வந்து உட்கார்ந்துவிட்ட கேள்வி.

படிப்பகத்துப் பலகை

மார்ச் 22இல் மனு திரும்பப் பெறும் நாள் முடிந்தது. வாக்குப்பதிவு ஏப்ரல் 6. இடையில் இரண்டு வாரம். தொகுதியின் எல்லா வேட்பாளர்களின் விவரத்தையும் ஒரே அட்டவணையாக்கிப் படிப்பகத்துப் பலகையில் ஒட்டுவது என்று முடிவெடுத்தோம். கல்லூரி மாணவர்கள் நான்கு பேர், நாங்கள் ஐயா என்று அழைக்கும் ஓய்வுபெற்ற துறைமுகத் தொழிலாளி ஒருவர், நான்.

ஒருவர் பத்திரம் தமிழில், இன்னொருவருடையது ஆங்கிலத்தில். ஒருவர் தட்டச்சில், இன்னொருவர் கையெழுத்தில். ஒருவர் தொகையை லட்சத்தில் எழுதியிருப்பார், ஒருவர் முழு எண்ணில், காற்புள்ளி இடம் மாறி. இருவர் ஸ்கேனைப் படித்து வாய்விட்டுச் சொல்ல, இருவர் எழுதினார்கள். ஐயா சரிபார்த்தார். மாலை ஏழு மணிக்குத் தொடங்கினால் பதினொன்று ஆகிவிடும்.

அப்படியும் தவறினோம். ஒரு வேட்பாளரின் மனைவி பெயரில் இருந்த வைப்புத் தொகைக்கு ஒரு சுழியம் கூடிப்போனது. பலகையில் ஏறி ஒரு முழு மாலை இருந்தது. மறுநாள் ஐயா கண்டுபிடித்துச் சொன்னபோது எனக்குக் கை நடுங்கியது. தாளைக் கிழித்து, புதிதாக எழுதி, முந்தைய தாள் தவறு என்று பெரிய எழுத்தில் கீழே குறித்து, அந்த வேட்பாளரின் தேர்தல் பணிமனைக்கே போய்ச் சொல்லிவிட்டு வந்தோம். அவர்கள் பெருந்தன்மையாக நடந்துகொண்டார்கள். ஆனால் அந்த ஒரு மாலைக்குள் எத்தனை பேர் பலகையைப் பார்த்துவிட்டுப் போனார்கள் என்று எனக்குத் தெரியாது. அந்த எண்ணை அவர் சரியாகத்தான் கொடுத்திருந்தார். அதை நாங்கள் மறுபடி தட்ட வேண்டிய தேவையே இருந்திருக்கக் கூடாது.

நாடு முழுவதும் இதே வேலையைப் பெரிய அளவில் செய்கிறது 1999இல் தொடங்கப்பட்ட ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கம். மேலே சொன்ன 2002ஆம் ஆண்டு வழக்கைத் தொடுத்ததும் அவர்கள்தான். அவர்களுடைய தேர்தல் அறிக்கைகளைப் படிப்பவர்கள் ஒரு குறிப்பைத் திரும்பத் திரும்பப் பார்த்திருப்பார்கள்: பிரமாணப் பத்திரம் தெளிவாக ஸ்கேன் செய்யப்படாததால் இன்னின்ன வேட்பாளர்களை ஆய்வு செய்ய இயலவில்லை என்று. உண்மையை முழுதாக எழுதிக் கொடுத்தவருடைய பத்திரமும் அப்படி விடுபட்டுப் போகலாம். இது எனக்கு மனவேதனை தருகிறது.

மாற்ற முடியாததா?

என் பகல் வேலையில் இதற்கு நேர்மாறாக நடக்கிறது. வருமான வரிக் கணக்கில் ஒவ்வொரு தொகையும் எண்ணாகவே போகிறது. ஆதாரோடு இணைந்த எண்ணுக்கு வரும் ஓடிபியைக் கொண்டு சரிபார்த்தால் காகிதமே தேவையில்லை. வங்கி அனுப்பிய வட்டி விவரத்தோடு நூறு ரூபாய் பொருந்தாவிட்டாலும் துறையின் கணினி கண்டுபிடித்துக் கேட்கிறது. வரி வாங்கும்போது எண்ணை எண்ணாகக் கேட்கிற அமைப்பு, வாக்காளரிடம் நீட்டும்போது மட்டும் ஏன் படமாக்கித் தர வேண்டும்?

சட்டம் காகிதம் கேட்கிறது, நேரில் வருவதைக் கேட்கிறது. கேட்கட்டும். கையெழுத்திட்ட ஸ்கேனும் வெளியாகட்டும், அதுவே மூல ஆவணமாக இருக்கட்டும். இணையத்தில் நிரப்பியவர்களின் தகவல் ஏற்கெனவே கட்டம் கட்டமாக இருக்கிறது, அதையும் பக்கத்திலேயே வெளியிட்டால் என்ன? அச்சுத் தாளின் ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு க்யூஆர் குறியீடு இருந்து, பதிவான தகவலும் காகிதமும் ஒன்றுதான் என்று அலுவலர் அங்கேயே பார்த்துக்கொள்ள வழியிருந்தால் போதும். கையால் எழுதிக் கொடுப்பவர்களுக்கு அலுவலகத்திலேயே பதிவு செய்துதர ஒருவரை உட்கார வைக்கலாம். அக்காவைப் போன்றவர்களுக்கு அந்த உதவி ஆள் என்னைவிட அதிகம் பயன்படுவார்.

இன்னொரு நன்மையும் உண்டு. இந்தப் பத்திரங்களில் பான் எண், தொலைபேசி எண், வீட்டு முகவரி எல்லாம் தொகைகளோடு கலந்தே இருக்கின்றன. படத்தில் ஒன்றைக் காட்டி மற்றதை மறைப்பது கடினம். கட்டங்களாக இருந்தால், கணவனின் பான் எண்ணை மறைத்துவிட்டு அவருடைய சொத்தை மட்டும் காட்டலாம்.

வெளிநாட்டு அனுபவம் எச்சரிக்கையாகவும் இருக்கிறது. அமெரிக்காவில் 2012இல் நிறைவேறிய ஸ்டாக் சட்டம், நாடாளுமன்ற உறுப்பினர்களும் உயர் அதிகாரிகளும் தங்கள் நிதி விவரங்களை மின்னணு முறையில் தாக்கல் செய்யவும், பொதுமக்கள் தேடி, வரிசைப்படுத்தி, பதிவிறக்கும் வகையில் வெளியிடவும் சொன்னது. ஓராண்டுக்குள், 2013 ஏப்ரலில், திருத்தம் வந்து அந்தத் தேடும் வசதிக்கான கட்டாயம் போய்விட்டது. கணினி இருந்தும் மனம் இல்லாவிட்டால் இப்படித்தான் ஆகும்.

இங்கே வேட்பாளர் வென்றபிறகு கதவு இன்னும் சாத்திக்கொள்கிறது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 75ஏ பிரிவின்படி நாடாளுமன்ற உறுப்பினர்கள் பதவி ஏற்ற 90 நாளுக்குள் அவைத்தலைவரிடம் சொத்து விவரம் தர வேண்டும். மக்களவை உறுப்பினர்களின் விவரம் உள்ள பதிவேட்டைப் பார்க்க மக்களவைத் தலைவரின் எழுத்துபூர்வமான அனுமதி வேண்டும். சட்டமன்ற உறுப்பினர்களுக்கு அந்தப் பிரிவே பொருந்தாது. ஐஏஎஸ் அதிகாரிகள் அசையாச் சொத்து விவரத்தை ஆண்டுதோறும் ஜனவரி 31க்குள் ஸ்பாரோ என்ற அரசு இணையதளத்தில் தாக்கல் செய்கிறார்கள். ஆனால் நம் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர் பற்றி நமக்குக் கிடைப்பது ஐந்தாண்டுக்கு ஒருமுறை வரும் இந்த 26ஆம் படிவம்தான். அதனால்தான் அதன் ஒவ்வொரு பக்கமும் தெளிவாக இருக்க வேண்டும் என்று இவ்வளவு மன்றாடுகிறேன். வார்டு அளவிலும் இதே அக்கறை தேவை. மைசூரு மாநகராட்சி உறுப்பினர் ஒருவர் பொய்யான சொத்து விவரம் தந்ததை முறைகேடாகக் கருதித் தேர்தலை ரத்து செய்தது சரியே என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

உடை, காலணி, பாத்திரம் என்று ஒவ்வொரு பொருளையும் எழுதத் தேவையில்லை, மதிப்பு மிக்கவையும் வாழ்க்கைத் தரத்தைக் காட்டுபவையும் இருந்தால் போதும் என்று 2024 ஏப்ரலில் அருணாசலப் பிரதேச வழக்கொன்றில் தீர்ப்பு வந்தது. நியாயமான தீர்ப்பு. ஆனால் அக்காவின் வீட்டில் அந்த மூன்று பவுன்தான் மதிப்பு மிக்கது, அந்த அடகுக் கடன்தான் வாழ்க்கைத் தரம்.

தேர்தலுக்கு ஒரு வாரம் முன்பு அவருடைய மகன் கைப்பேசியில் அந்தப் பத்திரத்தைத் திறந்து படிப்பகத்துக்கு எடுத்து வந்தான். அக்காவும் கூட வந்தார். கூடையை வாசலில் வைத்துவிட்டு, திரையைக் கண்ணருகே பிடித்துப் பக்கம் பக்கமாகத் தள்ளிப் பார்த்தார். பொறுப்புகள் பக்கம் வந்ததும் நின்றார்.

"நம் கடன் எங்கே தம்பி?"

நான் வாங்கிப் பார்த்தேன். வரி இருந்தது, கடைக்காரர் பெயர் இருந்தது. தொகை இருக்க வேண்டிய இடத்தில் நோட்டரியின் வட்ட முத்திரை அழுந்த விழுந்திருந்தது. ஸ்கேனில் அது ஒரு கரும் புள்ளியாகிவிட்டது. பெரிதாக்கிப் பார்த்தோம், சாய்த்துப் பார்த்தோம். ஒரு இலக்கம்கூடத் தெரியவில்லை.

அட்டவணையில் அந்தக் கட்டத்தை மாணவர்கள் தெளிவில்லை என்று குறித்துவிட்டுக் காலியாக விட்டிருந்தார்கள். மற்றவர்களுடைய பத்திரத்தில் படிக்க முடியாதவற்றுக்கும் அப்படித்தான் செய்திருந்தோம். இவருடையதை மட்டும் எனக்கு நினைவிருந்ததை வைத்து நிரப்புவது முறையா என்று ஐயா கேட்டார். கேட்டது சரிதான். அக்கா தன் சுருக்குப் பையிலிருந்து அடகுச் சீட்டை எடுத்து அவர் முன் விரித்தார். ஐயா கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார், பிறகு பேனாவை எடுத்துத் தானே எழுதினார்: அடகுக் கடன், ரூபாய் 62,000, வேட்பாளர் நேரில் காட்டிய சீட்டின்படி.